அப்பாவின் இடப்பக்கம்

கண்ணு,

நேற்று நீ போனில் சொன்னதை நான் உன் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. போன் கூடத்தில் இருக்கிறது, நீ இங்கிலாந்திலிருந்து பேசுவது பக்கத்து வீட்டுக்கே கேட்கும். "கல்யாணம் முடிஞ்சதும் சேலத்துல இருந்து ஊட்டுக்கு வர நான் டாக்ஸி சொல்லிக்கறேன்மா. அப்பா கார்ல நானும் ஏற மாட்டேன், கட்டிக்கப் போற புள்ளையையும் ஏத்த மாட்டேன்" என்று நீ சொன்னபோது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு பக்கத்தைத் திருப்பவே இல்லை. நீ போனை வைத்ததும் எழுந்து வெளியே போய், காரின் டயர்களை ஒவ்வொன்றாகக் காலால் தட்டிப் பார்த்தார். "பொண்ணு மாப்பிள்ளைய நாந்தான் கூட்டிட்டு வருவேன். இதுல பேச்சென்ன இருக்குது" என்று டயரிடமே சொன்னார். இதற்குமேல் போனில் பேசினால் சண்டைதான் வரும் என்பதால் எழுதுகிறேன். கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு சேர்த்துக் கூரியரில் அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பா ஓட்டுவதைப் பற்றி நீ சொல்வது அத்தனையும் நியாயம். வலது ஓரத்தில் நாற்பதில் உருட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருகிற ஆத்திரம் உனக்கு வருவதைவிட அதிகம். அந்த ஆத்திரம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? சேலம் ரோட்டை நாலு வழியாக்கியபோது நான்தான் இந்த வீட்டில் அதிகம் சந்தோஷப்பட்டேன். செங்கப்பள்ளி தாண்டினால் காற்று மாதிரி போய்விடலாம் என்று உன் சித்தியிடம் பெருமையடித்துக்கொண்டேன். போய்ப் பார்த்தால் வலது பக்கத்தில் ஒரு லாரி. அதைத் தாண்டுகிறேன் என்று இடது பக்கத்தில் இன்னொரு லாரி. இரண்டும் ஒரே வேகத்தில் கல்யாண ஊர்வலம் மாதிரி போகும். பின்னால் வருகிறவன் எல்லாம் விளக்கடித்துச் சாக வேண்டியதுதான். அது விலகினால், நடுத்திட்டு அரளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற டேங்கர் வேகமாகப் போக வேண்டிய தடத்திலேயே நின்றுகொண்டிருக்கும். வெயில் காலத்தில் செடி காயும்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக நாங்களும் அங்கேயே நின்று காய வேண்டுமா?

நீ அங்கே மோட்டார்வேயில் ஓட்டுவதைப் பற்றி, போன புதிதில் போன் செய்து சொல்வாயே, எல்லோரும் இடது தடத்திலேயே போவார்கள், முன்னால் போகிற வண்டியைத் தாண்ட மட்டும் வலது பக்கம் வருவார்கள், தாண்டியதும் யாரும் சொல்லாமலே பழைய இடத்துக்குப் போய்விடுவார்கள் என்று. எனக்கு அதைக் கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும். நம் பனியன் யூனிட் செக்கிங் டேபிளில் பெண்கள் துணி அடுக்குவது மாதிரி மனதில் ஒரு படம் வரும். ஆனால் கண்ணு, உங்கள் ஊர் இடது தடத்தில் சோளம் காயப்போட மாட்டார்கள். பால் கேனைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் எதிர்த் திசையில் ஒருவர் வரமாட்டார். அவரைக் கேட்டால் அவரும் நியாயம்தான் பேசுவார். "ஏனுங்க, என்ற தோட்டம் இக்கட்டால, ஊடு அக்கட்டால. திரும்பறதுக்கு அத்தன தொலவு போயிட்டு வரச் சொல்றீங்களா?" என்பார். ரோடு வருவதற்கு முன்பே அவர் தோட்டம் அங்கே இருந்தது. இந்த ரோடு திருந்தும் என்ற நம்பிக்கையை நான் விட்டு வெகு நாளாயிற்று.

உன் அப்பா எப்போதும் இப்படி ஓட்டியவர் இல்லை. நீ சின்னவனாக இருந்தபோது, பழைய ரோட்டில், எதிரே பஸ் வருவது தெரிந்தும் தாண்டிப் போகிற மனிதர் அவர். ஷிப்மென்ட் கிளம்புகிற அன்று அட்டைப்பெட்டிகளை வேனில் ஏற்றி, டிரைவரை நகரச் சொல்லிவிட்டு அவரே ஓட்டுவார். நான் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மெல்லப் போங்க என்று அந்தக் காலத்தில் நான் எத்தனை முறை கெஞ்சியிருப்பேன். அந்த மனிதர்தான் இப்போது வலது ஓரத்துத் திட்டை ஒட்டிக்கொண்டு நாற்பதில் போகிறார். வயசாகிவிட்டது, பயந்துவிட்டார், பிடிவாதம் என்று நீ நினைத்தாய். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நினைக்கட்டும் என்று நானும் விட்டுவைத்தேன்.

சென்ற வருடம் பெண் பார்க்கப் போனோமே, அந்த நாளை எடுத்துக்கொள். நீ லீவில் வந்திருந்தாய். மாப்பிள்ளை நான்தான் முன்னால் உட்காருவேன் என்று என்னைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டாய். பெருந்துறை தாண்டியதும் நமக்குப் பின்னால் வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. ஒவ்வொருவனும் விளக்கடித்து, ஹாரன் அடித்து, இடது பக்கமாக நுழைந்து தாண்டும்போது கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டுப் போனான். "அப்பா, லெஃப்ட்ல போங்க. இது ஓவர்டேக் பண்ற லேனுங்கப்பா" என்று நீ மரியாதையாகத்தான் ஆரம்பித்தாய். அவர் "போறவன் போறான், உனக்கென்ன" என்றார். நீ மறுபடி சொன்னாய். நான் பின்னாலிருந்து "அவரை உடு கண்ணு" என்றேன். "அம்மா, நீங்க வாய மூடிட்டு வந்தாலே அப்பா ஒழுங்கா ஓட்டுவாரு. எப்பப் பாத்தாலும் அவன் வர்றான், இவன் வர்றான்னு ஒரே நொச்சு" என்று என்மேல் பாய்ந்தாய். பிறகு, "ஓட்டத் தெரியலைன்னா சாவியக் குடுங்கப்பா!" என்று கத்தினாய்.

அவர் வண்டியை நிறுத்தினாரே, அதுவும் அந்த வலது தடத்திலேயே. கதவைத் திறந்து இறங்கி நடுத்திட்டில் ஏறி, அரளிச் செடிகளுக்கு நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பட்டுக்கரை வேட்டி, புதுச் சட்டை. லாரிகள் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு நம்மைச் சுற்றிப் போயின. நீ ஓட்டுநர் சீட்டுக்கு மாறினாய், அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெண் வீட்டில் இனிப்பைக் கையில் எடுத்து அப்படியே தட்டில் வைத்தார். அன்றிலிருந்து உன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். போன் வந்தால் "கண்ணு நல்லா இருக்கறானா?" என்று என்னிடம்தான் கேட்கிறார், நீ யாரோ தூரத்துச் சொந்தம் மாதிரி.

அவருக்கு இடது பக்கம் தெரியாது, கண்ணு. அதுதான் விஷயம். நீ இங்கிலாந்து போன கொஞ்ச நாளில், கேட்டில் இடித்துக்கொண்டார், பிறகு கட்டிங் டேபிளின் மூலையில் இடித்துக்கொண்டார். கண்ணாடி மாற்றலாம் என்று கோயமுத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பு செத்துக்கொண்டே வந்திருக்கிறது என்றார்கள். நேராகப் பார்ப்பது நன்றாகத் தெரியும், எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்துவிட்டார். பக்கவாட்டில்தான் இல்லை. வலது பக்கம் கொஞ்சம் மிச்சம், இடது பக்கம் மொத்தமாகப் போய்விட்டது. "போன பார்வை திரும்பி வராதுங்க. இருக்கறதக் காப்பாத்தத்தான் இந்தச் சொட்டு மருந்து. வண்டி மட்டும் இனிமே ஓட்ட வேண்டாமுங்க" என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். உன் அப்பா "ஆகட்டுங்க" என்று கும்பிட்டார். வெளியே வந்தார், சாவியை எடுத்தார், காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வலது ஓரத்துத் திட்டில் கறுப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்களே, அதுதான் அவருக்கு வழி. அதைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார். அதை விட்டு இடது தடத்துக்கு வா என்று சொல்வது அவரைக் கண்ணைக் கட்டிக்கொண்டு வா என்று சொல்வதுதான். அந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். இதை நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை. "பாருங்க, ஒருத்தன் மொபெட்ல எதுக்க வர்றான், அறிவிருக்குதா அவனுக்கு?" என்று நான் திட்டினால் அவர் இடது பக்கம் ஒதுங்க மாட்டார். "இந்த ரோட்டுல இப்பத்தான் காத்தோட்டமா இருக்குது" என்றால் மெல்ல ஒதுங்குவார். என் நொச்சு, நொச்சு என்று நீ சொன்னாயே, உன் சித்தி சிரிக்கிறாளே, உறவுக்காரர்கள் எல்லாம் அந்தம்மா வாய் ஓயாது என்கிறார்களே, அந்த வாயை வைத்துத்தான் வண்டி வீடு வந்து சேருகிறது. பெண் பார்க்கப் போன அன்று நான் பின்சீட்டில் இருந்தேன். எனக்கும் இடது பக்கம் தெரியவில்லை. நீ லெஃப்ட்ல போங்க என்றாய், அவரால் போக முடியவில்லை, ஏன் என்று சொல்லவும் முடியவில்லை. இறங்கி நின்றார்.

அவர் உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அந்த டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். "இது குடும்பத்துல வரக்கூடியதுங்க. உங்க பையனுக்கும் வருசா வருசம் கண்ணப் பாத்துக்கச் சொல்லுங்க." கார் ஏறியதும் உன் அப்பா முதலில் சொன்னது, "பையன் கல்யாணம் முடியற வரைக்கும் இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்" என்பதுதான். ஜாதகத்தில் சின்னக் குறை என்றாலே பேச்சை நிறுத்திவிடுகிறார்கள், கண் போகிற குடும்பம் என்று தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள் என்று பயந்தார். ஓட்டுவதை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே, அதனால்தான் நிறுத்தவில்லை என்று தொடக்கத்தில் சொன்னார். இப்போது அப்படிச் சொல்வதில்லை. இப்போது அவரால் நிறுத்த முடியவில்லை, அவ்வளவுதான். நீ உடனே ஒரு நல்ல ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டு. அந்தப் பெண்ணிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் பொறுப்பு. சொல்லாமல் இருந்து நாங்கள் என்ன லாபம் கண்டோம் என்பதை நீயே பார்த்துக்கொள்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. ஒரு டிரைவரை வைத்துப் பார்த்தேன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர், தங்கமான மனிதர். ஒரு வாரத்தில் என்னிடம் வந்து, "ஐயா பக்கத்துல உக்காந்துகிட்டு இல்லாத பிரேக்க மிதிச்சுகிட்டே வாராகம்மா, என்னால ஓட்ட முடியல" என்று சொல்லிவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். சாவியை அரிசி டிரம்முக்குள் போட்டு மறைத்தும் பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. யூனிட்டில் நின்றிருந்த பழைய மொபெட்டை எடுத்துக்கொண்டு அந்த நாலு வழி ரோட்டுக்கே போய்விட்டார். திரும்பி வரும்போது முழங்கை தோல் உரிந்திருந்தது. அரிசியைத் துழாவிச் சாவியை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டிவிட்டேன். காரில் போனால் நானாவது பக்கத்தில் இருப்பேன்.

போன வாரம் பத்திரிகை வைக்கப் போனபோது நடந்ததைச் சொன்னால் உனக்குப் புரியும். பவானிப் பக்கம் நாலைந்து வீடுகளுக்கு வைத்துவிட்டு, ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிடச் சொல்லி, உண்ட மயக்கத்தில் நான் கண்ணயர்ந்துவிட்டேன். உள்ளே திரும்புகிற வழி வந்திருக்கிறது. என்னை எழுப்ப மனமில்லாமல் அவராகவே இடது பக்கம் ஒதுக்கியிருக்கிறார். தடதடவென்று சத்தம் கேட்டு விழித்தேன். காயப்போட்ட சோளத்தைச் சுற்றி வைத்திருந்த கற்கள்மேல் ஏறி, சோளத்துக்குள்ளேயே வண்டி போய்க்கொண்டிருந்தது. சோளத்தைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் குதித்து அந்தப் பக்கம் விழுந்தாள். அடி ஒன்றும் இல்லை, கடவுள் புண்ணியம். நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள், வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எல்லோரும் யாரைத் திட்டினார்கள் என்று நினைக்கிறாய்? அந்தப் பெண்ணை. "ரோட்டுல காயப்போட்டா வண்டி எப்படிப் போகும்? உங்களுக்கெல்லாம் சொன்னா ஏறாதா?" என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அவளும் முந்தானையில் மண்ணைத் தட்டிக்கொண்டே, "தப்புத்தானுங்க சாமி, மன்னிச்சுக்குங்க" என்று உன் அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டாள்.

வாரா வாரம் அதே சோளத்தைப் பார்த்து நானும் அப்படித்தான் திட்டியிருப்பேன், அதே வார்த்தைகளில். உன் அப்பா ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வெயில் கண்ணக் கூசுது" என்றார். அன்று நான் இறங்கிப் போய் அந்தப் பெண்ணோடு சேர்ந்து கொஞ்ச நேரம் சோளத்தைக் கூட்டிக் குவித்தேன். "நீங்க போங்கம்மா, ரோட்டுல நிக்காதீங்க" என்று அவள்தான் என்னை அனுப்பிவைத்தாள். அன்றைக்கே அவர் ஓட்டுவதை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மறுநாள் காலை வழக்கம்போலக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் யாரையாவது கொன்றுவிடுவார், அல்லது நாங்கள் போய்விடுவோம். இருந்தும் நாளை அவர் சாவியை எடுத்தால் நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவேன்.

அதனால் கல்யாணத்தன்று என்ன செய்வது என்று யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் அவர் காரில் ஏறக் கூடாது. ஆனால் டாக்ஸி நீ சொல்லாதே. பெண் வீட்டுச் சீராக அலங்காரம் செய்த கார் வருகிறது என்று உன் மாமனாரை உன் அப்பாவிடம் சொல்லச் சொல். சம்பந்தி மனம் நோகக் கூடாது என்று அவர் விழுங்கிக்கொள்வார். நீ சொன்னால் அவருக்கு அது மறுபடியும் அந்த நடுத்திட்டுதான். கண் விஷயம் உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. மன்னிப்பும் கேட்காதே. கேட்டால் நான் சொல்லிவிட்டேன் என்று கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் என் பேச்சை இடது பக்கத்துக்குக்கூட நம்ப மாட்டார்.

இதில் எனக்கு ஒரு நஷ்டம் இருக்கிறது. பொண்ணு மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் மாமியார்க்காரி வீடு வந்து, வாசலில் மஞ்சள் நீர் கரைத்த ஆலாத்தித் தட்டோடு நிற்க வேண்டும். நீ பிறந்த நாளிலிருந்து நான் மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த காரியம் அது. எந்தச் சேலை கட்டுவது என்பதுவரை முடிவு செய்திருந்தேன். வேனில் முதலில் கிளம்புகிறவர்களோடு என்னை அனுப்புவதாகத்தான் ஏற்பாடு. நான் அந்த வேனில் ஏறினால் உன் அப்பாவின் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? உன் சித்தப்பா உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். அதனால் சித்தி ஆலாத்தி எடுப்பாள். அவளிடம் சொல்லிவிட்டேன், காரணம் சொல்லவில்லை. "என்னக்கா, பையன் கல்யாணத்தன்னிக்கும் மாமாவ விட்டு நகர மாட்டீங்களா?" என்று சிரிக்கிறாள். சிரித்துவிட்டுப் போகட்டும். மருமகள் புது வீட்டு வாசலில் என்னைத் தேடுவாள், அது ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை. நீ ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்.

நாங்கள் மண்டபத்திலிருந்து முன்னாலேயே கிளம்பிவிடுவோம். ஆனாலும் அவர் போகிற வேகத்துக்கு நீங்கள் சங்ககிரி பக்கத்தில் எங்களைப் பிடித்துவிடுவீர்கள். வலது பக்கமாகத் தாண்ட முடியாது, அங்கே உன் அப்பா இருப்பார். இடது பக்கமாகத்தான் தாண்ட வேண்டியிருக்கும். உங்கள் டிரைவரிடம் விளக்கடிக்க வேண்டாம், ஹாரன் அடிக்க வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவை. மாலையும் கழுத்துமாக நீங்கள் இரண்டு பேரும் எங்களை ஒட்டி, கைக்கெட்டும் தூரத்தில் போவீர்கள். அவருக்கு அது தெரியாது. நான் பார்த்துக்கொள்வேன். பார்த்துவிட்டு, "பசங்க போறாங்கங்க" என்று அவரிடம் சொல்வேன்.

அம்மா